தொட்டுப் பார்த்தவர் பெயர்

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயரலாம் என்று சாய்ந்த நேரத்தில் கவிதா போன் செய்தாள். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இப்போது அவள் உதவிப் பொறியாளர். கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவரின் மகள். நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்னால் வந்து சேர்ந்தவள்.

"சார், தூங்கீட்டு இருந்தீங்களா?"

"இல்லம்மணி, சொல்லு."

"நம்ம ஆய்வுப் படிவத்தையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாத்தறமுங்க. இனிமே மனு, வரைபடம், சேட்டிலைட் படம் எல்லாம் அதுலயே வந்துருமுங்க. ஆனா பதினோராவது கட்டத்துல மாட்டிக்கிட்டோம். 'கலிங்கைக் கையால் தொட்டுப் பார்த்தவர் பெயர்'னு இருக்குது. சாப்ட்வேர் பண்ண வந்த பசங்க சிரிக்கறாங்க சார். எடுத்துரலாமான்னு கேக்கறாங்க. இத எதுக்குங்க வெச்சாங்க?"

எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தக் கட்டம் படிவத்தில் ஏறியதே என்னால்தான். நான் செய்த நல்ல காரியத்தால் அல்ல, செய்த தப்பால். போனிலேயே அவளுக்குக் கதையைச் சொன்னேன். முக்கால் மணி நேரம் பிடித்தது. எழுதியும் கொடுங்கள், புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டலாம் என்றாள். என் தப்பைப் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுவதில் அவளுக்கு எவ்வளவு உற்சாகம் பாருங்கள்! சரி, எழுதுகிறேன்.

என் பெயர் காதர். உக்கடத்தில் பிறந்து வளர்ந்தவன். அத்தா தகரப் பெட்டி செய்து விற்றார். நான் படித்து நில அளவர் ஆனேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயில், முள், அடுத்தவர் வெள்ளாமையை மிதிக்காமல் நடப்பது, இவ்வளவுதான். முப்பது வருடத்துக்கு மேல் அளந்தேன். ஊர்ப்பக்கம் என்னைச் சர்வேயர் பாய் என்பார்கள். அலுவலகத்தில் வெறும் பாய்.

கடைசிப் பத்து வருடம் நான் இருந்தது எங்கள் வட்டாரத்துக் குளப் பாதுகாப்புக் குழுவில். குளத்தை ஒட்டி யார் எதைக் கட்ட நினைத்தாலும், மாட்டுக் கொட்டகை ஆனாலும் மில் குடோன் ஆனாலும், மனு எங்கள் மேசைக்கு வந்துதான் போக வேண்டும். குழுவில் ஒரு நீர்வளப் பொறியாளர், வருவாய்த் துறையிலிருந்து ஒருவர், நகரமைப்பிலிருந்து ஒருவர், கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் ஒரு அம்மா, பாசன விவசாயிகள் சார்பில் ஒருவர். இவர்கள் எல்லோரும் பேசுவதற்கு முன்னால் நான் போய் அளந்துவிட்டு வர வேண்டும்.

அளப்பது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் தப்பு புரியாது. ஒவ்வொரு குளத்துக்கும் கலிங்கு என்று ஒன்று உண்டு. குளம் நிறைந்த பிறகு மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்காகக் கரையின் ஓரிடத்தில் கட்டிய தாழ்வான கல் சுவர். அதன் தலை எவ்வளவு உயரமோ, குளத்தில் தண்ணீர் அவ்வளவுதான் நிற்கும். நான் அந்தத் தலைமேல் அளவுகோலை நிறுத்திக் கருவியில் பார்ப்பேன். அந்த மட்டத்தை அப்படியே கரையோரமாக எடுத்துக்கொண்டு வந்து, மனுதாரர் இடத்தில் அது எங்கே தரையைத் தொடுகிறதோ அங்கே ஒரு முளை அடிப்பேன். குளம் ததும்பும் நாளில் தண்ணீர் வந்து நிற்கப்போகும் இடம் அது. அந்த முளையிலிருந்து குழு வகுத்த தூரத்தை வெற்றிடமாக விட வேண்டும். அதைத் தாண்டித்தான் கட்டலாம்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. ஆனால் எங்கள் குளங்களில் பாதி பல வருடங்களாக நிறைந்ததே இல்லை. நொய்யலில் வெள்ளம் வந்து, வாய்க்கால் அடைபடாமல் இருந்து, மேல்குளம் நிறைந்த பிறகுதான் கீழ்க்குளத்துக்குத் தண்ணீர். வெடித்துக் கிடக்கும் மண்ணில் நின்றுகொண்டு "இங்க வரைக்கும் தண்ணி வருமுங்க" என்று சொன்னால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? வராத தண்ணீர் எங்கே நிற்கும் என்று சொல்வதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

நாச்சிமுத்து சார் குழுவுக்குச் செயலராக வந்தபோது எனக்கு ஓய்வு பெற ஆறு வருடம் இருந்தது. கோபிப் பக்கம் விவசாயக் குடும்பம். ஒடிசலான ஆள். குளக்கரையில் ஏறியதும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். பக்தியா என்று கேட்டேன். "இல்லீங் பாய், ஈரம் எங்க ஆரம்பிக்குதுன்னு காலுக்குத்தான் தெரியும்" என்றார். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் நான் பாய். என்மேல் வருத்தம் என்றால் காதர் சார். டிரைவரை ஒருநாள் "ஐயா" என்று கூப்பிட்டார், அந்த ஆள் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

இன்னொரு பழக்கம், மனுதாரரை எதிரில் உட்காரவைத்து எங்கள் அறிக்கையை அவரே உரக்கப் படிப்பார். அரசாங்கத் தமிழில் அல்ல, வீட்டில் பேசுகிற தமிழில். படித்து முடித்துவிட்டு, "இதுல தப்பு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்பார். கண்துடைப்புக்காகக் கேட்க மாட்டார். பதில் வரும்வரை பேனாவை மூடிவைத்துக்கொண்டு காத்திருப்பார்.

துடியலூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபக்காரர், ஓடையை மூடி வண்டி நிறுத்த இடம் கேட்டு வந்தார். அறிக்கையைப் படித்ததும், "தப்பு இருக்குதுங்க. அங்க ஓடையே கெடையாதுங்க" என்று அடித்துச் சொன்னார். சார் தலையாட்டினார். "அப்பிடீங்களா? அப்ப உங்க மண்டபத்துக்குள்ள நொழையறதுக்கு ஒரு பாலம் போட்டு, அதுல உங்க அப்பா பேரு வேற எழுதியிருக்கீங்களே, அது எதுக்குங்க ஐயா?" மண்டபக்காரரே சிரித்துவிட்டார். மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனவர், அடுத்த முகூர்த்தத்துக்கு எங்களுக்கு இலைச் சாப்பாடு அனுப்பினார். சார் அதை வாசலோடு திருப்பி அனுப்பினார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இனி பூலாங்குளம்.

சோமனூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நாச்சிமுத்து சார் வருவதற்குச் சில மாதம் முன்னால் அங்கிருந்து ஒரு வீட்டு மனு வந்தது. மனுதாரர் சரஸ்வதி. அவளும் அவள் வீட்டுக்காரர் முருகேசனும் விசைத்தறித் தொழிலாளிகள். தறிக் கொட்டகையோடு ஒட்டிய ஒற்றை அறையில் கல்யாணம் ஆனதிலிருந்து குடியிருந்தார்கள். பகல் இரவு இரண்டு ஷிப்டும் தறி ஓடும். முருகேசனுக்கு ஒரு காது முழுவதும் போய், மறுகாதில் எப்போதும் இரைச்சல். தறிச் சத்தம் எட்டாத ஒரு வீடு வேண்டும் என்று ஏழு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குளத்தோரம் ஆறு சென்ட் வாங்கியிருந்தார்கள்.

சித்திரை வெயிலில் அளக்கப் போனேன். குளம் காய்ந்து கிடந்தது. கலிங்கு நல்ல நிலையில் இருந்தது, தலையில் சிமெண்டு பூசி மட்டமாக இருந்தது. ஒரு ஓரம் மட்டும் சீமைக்கருவேல முள் மண்டிக் கிடந்தது. நடுவில் அளவுகோலை நிறுத்த வசதியாக இருந்ததால் நடுவில் நிறுத்தினேன். மட்டத்தை எடுத்துவந்து பார்த்தால் தண்ணீர் எல்லை அவர்கள் மனைக்கு வெளியே, பின் வரப்பை ஒட்டி விழுந்தது. அங்கே முளை அடித்தேன். பின்பக்கம் மூன்றில் ஒரு பங்கை வெற்றிடமாக விட்டுவிட்டு மீதியில் கட்டலாம் என்று எழுதினேன். அப்போதிருந்த செயலர் நாற்காலியை விட்டு எழாமல் கையெழுத்துப் போட்டார். முன்பக்கம் ரோட்டில் நூல் லாரி போகும் சத்தமும் வேண்டாம் என்று, சரஸ்வதி வீட்டை மனையின் நடுவில் வைத்து அஸ்திவாரம் போட்டாள்.

பிறகு, அதே குளத்தை ஒட்டி நாற்பது மனை போட அனுமதி கேட்டு ஒருவர் வந்தார். அவரை மனைக்காரர் என்றே சொல்லிவிடுகிறேன். பழைய முளையையே ஆதாரமாகக் காட்டியிருந்தார். நாச்சிமுத்து சாரும் நானும் நேரில் போனோம். சார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கலிங்கின்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். முள் மண்டிய ஓரத்தில் நின்றார். "அருவா இருக்குதுங்களா?" என்று கேட்டு வாங்கி, அவரே முள்ளை வெட்டினார்.

முள்ளுக்குப் பின்னால், கரைச் சுவரில் பதிந்தபடி, ஒரே ஒரு கல் இருந்தது. நான் தலை என்று நினைத்த சிமெண்டுப் பூச்சுக்குமேல் ஒன்றேகால் அடி உயரத்தில்.

சார் குனிந்து அந்தக் கல்லின் தலையைத் தடவினார். பிறகு சிமெண்டைத் தடவினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"காதர் சார், கொஞ்சம் வந்து தொட்டுப் பாருங்க."

தொட்டேன். கல்லின் தலை வழவழவென்று இருந்தது. எத்தனை காலத்துத் தண்ணீர் அதன்மேல் வழிந்து போயிருக்க வேண்டும்! சிமெண்டு சொரசொரவென்று இருந்தது. யாரோ மேல்வரிக் கல் முழுவதையும் பெயர்த்து எடுத்துவிட்டு, பார்த்தால் தெரியாதபடி பூசியிருக்கிறார்கள். முள்ளுக்குப் பயந்து அந்த ஒரு கல்லை மட்டும் விட்டுவிட்டார்கள். நானும் அதே முள்ளுக்குப் பயந்துதான் அந்தப் பக்கம் போகவில்லை. கல்லை எடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. குளத்தின் உயரத்தில் ஒன்றேகால் அடி போயிருந்தது, அதைச் சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

ஜீப்பில் திரும்பும்போது, சூலூர் தாண்டியதும் சார் என் பக்கம் திரும்பினார். அப்புறம், "பழைய முளைய நம்பி யாராச்சும் கட்டிப்போட்டாங்களா சார்?" என்றார்.

"ஒரு குடும்பம் சார். அஸ்திவாரம் முடிச்சுட்டாங்க."

"கலிங்குல கல்ல ஏத்துனா அவங்களுக்கு என்னாகுமுங்க?"

மனசுக்குள் கணக்குப் போட்டேன். மனையின் பின்பங்கு தண்ணீருக்குள் போகும். அஸ்திவாரம் போட்ட நடுப்பங்கு வெற்றிடத்துக்குள் வரும். ரோட்டோரம் இருக்கும் முன்பங்கு மட்டும்தான் மிஞ்சும். சொன்னேன். சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அலுவலகத்தில் ஒரு நண்பர் யோசனை சொன்னார். கலிங்கு இப்போது இருக்கிற உயரத்தையே சரியான உயரம் என்று எழுதிவிட்டால் யாருக்கும் நட்டமில்லை, காய்ந்த குளத்தில் ஒன்றேகால் அடியை யார் தேடப்போகிறார்கள் என்றார். இரண்டு நாள் அதை நான் யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். சரஸ்வதிக்காக யோசித்தேன் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். பாதி எனக்காகவும்தான்.

மூன்றாம் நாள் மனைக்காரர் அலுவலகத்துக்கு வந்தார். எல்லோர் முன்னிலையிலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாய் அளந்தா அளந்ததுதானுங்க! இந்த ஜில்லாவுலயே அவரு மாதிரி சுத்தமா அளக்கற ஆளு கெடையாதுங்க. அவரு அடிச்ச முளைய யாரும் மாத்தக்கூடாதுங்க." என் வாழ்நாளில் என் வேலையை அவ்வளவு புகழ்ந்தவர் வேறு யாருமில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் போனதும் சாரின் அறைக்குப் போனேன். "தப்பு என்னோடதுன்னு எழுதிக் குடுத்தர்றேன் சார். அந்தக் குடும்பத்துக்கிட்ட நானே போய்ச் சொல்றேன். நோட்டீஸ் அனுப்ப வேண்டாம்."

"போயிட்டு வாங்க சார்" என்றார். பாய் என்று சொல்லவில்லை.

தறிக் கொட்டகையில் நின்று பேச முடியாது. சரஸ்வதி என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே வந்து, கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். அங்கேயும் சுவர் அதிர்ந்தது. முருகேசன் தறியை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே வந்தார். மேலெல்லாம் பஞ்சு. நான் நேராகச் சொல்லிவிட்டேன். கலிங்கில் கல் போயிருப்பதைக் கவனிக்கவில்லை, முளையைத் தப்பான இடத்தில் அடித்துவிட்டேன், அஸ்திவாரம் இருக்கும் இடத்தில் வீடு கட்ட முடியாது.

அவள் சத்தம் போடுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். அவள் போடவில்லை.

"நீங்க அடிச்ச முளைக்குப் பொட்டு வெச்சு, சூடம் காட்டிக் கும்புட்டுப்போட்டுத்தானுங்க நாங்க கல்லுப் போட்டோம்" என்றாள். "சாமிக்குக் கூட அப்பறந்தானுங்க பூசை."

 

முருகேசனுக்கு எதுவும் கேட்கவில்லை. சரஸ்வதி அவர் முகத்துக்கு நேரே நின்று, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தும் கையைக் காட்டியும் எல்லாவற்றையும் சொன்னாள். தறிக்காரர்கள் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லி முடித்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஞ்சுக்காகவா, வேறு எதற்காகவா தெரியாது. பிறகு என்னிடம், காது கேளாதவர்கள் பேசும் அந்த உரத்த குரலில் கேட்டார்.

"முன்னாடி பங்குக்குத் தண்ணி வராதுங்களா பாய்?"

வராது என்று கையை ஆட்டினேன்.

"அப்ப அங்க கட்டிக்கலாமுங்களா? லாரிச் சத்தம் எனக்கு ஒண்ணும் பண்ணாதுங்க. இவளுக்குத்தான்." அவளைப் பார்த்தார். "ஏத்தா, லாரி பரவால்லியா? தறியாட்ட ராத்திரி பூராவும் ஓடாதல்லோ?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அன்றே மனைக்குப் போய் முன்பங்கில் எவ்வளவு கிடைக்கும் என்று அளந்தேன். மூன்று முறை அளந்தேன். ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை வரிசையாக வந்தன. அவர்கள் நினைத்திருந்த வீட்டில் பாதிதான். நானே வரைபடம் போட்டுக் கொடுத்தேன்.

குழுக் கூட்டம் நடந்த அன்று சரஸ்வதி மட்டும் வந்திருந்தாள். சார் வழக்கம்போல அறிக்கையைப் படித்தார். கலிங்கின் மேல்வரிக் கல் பெயர்க்கப்பட்டிருப்பதும், நில அளவர் காதர் அதைக் கவனிக்காமல் மட்டம் எடுத்ததும், பழைய அனுமதி ரத்தாவதும், முன்பங்கில் கட்டப் புதிய அனுமதி கொடுப்பதும், கலிங்கில் மறுபடி கல் ஏற்றுவதும் எல்லாம் அதில் இருந்தன. அந்த உயரத்தின்படி மனைக்காரரின் மனைகளில் பெரும்பகுதியும் தண்ணீர்ப் பரப்புக்குள் போயின. படித்துவிட்டுப் பேனாவை மூடிவைத்தார்.

"இதுல தப்பு ஏதாச்சும் இருக்குதுங்களாம்மா?"

சரஸ்வதி எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஒண்ணு இருக்குதுங்க. பாய் கவனிக்காம உட்டுட்டாருன்னு எழுதியிருக்கீங்க. அவரே நேர்ல வந்து சொன்னாருன்னு எழுதலீங்களே. அதையும் எழுதிப்போடுங்க."

 சார் பேனாவைத் திறந்து, ஓரத்தில் ஒரு வரி எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டினார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். வேறெங்கே பார்ப்பது?

எனக்கு மேலிடத்திலிருந்து குறிப்பாணை வந்தது, பணிப் பதிவேட்டில் ஏறியது. அது நியாயம்தான். அதே வாரம் சார் ஆய்வுப் படிவத்தில் பத்துக் கட்டத்துக்குக் கீழே கோடு போட்டு, பதினோராவதை அவர் கையால் எழுதினார். "'கலிங்கு சரியாக உள்ளதா'ன்னு வெச்சா எல்லாரும் ஆம்னு எழுதிருவாங்க" என்றார். "தொட்டது யாருன்னு பேரு கேட்டா, பேரு எழுதறதுக்கு முந்தி கை ஒருக்கா போயிட்டு வருமுங்க."

பழைய அஸ்திவாரத்தைப் பெயர்த்து, அதே கல்லை முன்பங்குக்கு எடுத்துப்போனால் செலவு மிஞ்சும் என்று முருகேசன் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே பெயர்த்துக்கொண்டிருந்தார். நானும் போனேன். மூன்றாவது ஞாயிறு, கலிங்குப் பக்கமிருந்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஏனுங் பாய், எந்தக் கல்ல மொதல்ல எடுக்கறதுங்க?"

அந்தப் 'பாய்' கேட்டு எனக்கு எத்தனை மாதம் ஆகியிருந்தது!  சின்னக் கல்லைக் காட்டினேன். அவர் பெரியதை எடுத்தார், முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சரஸ்வதி இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்துக் கொடுத்தாள்.

கலிங்கில் கல் ஏற்றிய பிறகு, புதிய மட்டத்தில் தண்ணீர் எல்லைக்கு முளைக்குப் பதிலாக ஒரு கல்லே நட்டேன். மனையின் பின்பங்கும் நடுப்பங்கும் சேரும் இடத்தில். நட்டு முடித்ததும் சரஸ்வதியைப் பார்த்தேன். அவள் புரிந்துகொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க பாய். இதுக்குப் பொட்டு வெக்க மாட்டனுங்க. தண்ணி வந்து சொல்லட்டும், அப்பறம் வெக்கறேன்."

கோபம் எங்கே வரும்? அவள் கேட்டது நியாயம்.

ஆனால் தண்ணீர் வரவில்லை. வீட்டைக் கட்டிக் குடிபோனார்கள், என்னைக் கூப்பிட்டுச் சோறு போட்டார்கள். அடுத்த வருடம் மழை பொய்த்தது. அதற்கடுத்த வருடம் வெள்ளம் மேல்குளத்தோடு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கல்லைப் பார்ப்பேன். அதன் இரண்டு பக்கமும் ஒரே காய்ந்த மண். இந்தக் காய்ந்த மண்ணுக்காகவா அவர்கள் வீட்டைப் பாதியாக்கினேன் என்று தோன்றும். மறுபடியும் தப்பாக நட்டுவிட்டேனோ என்றும் தோன்றும். சார் மாற்றலாகிப் போய்விட்டார். நானும் ஓய்வு பெற்றேன். பிரிவு உபசார விழாவில் மாலை போட்டபோதுகூட எனக்கு அந்தக் கல் நினைவுதான்.

கவிதாவிடம் போனில் இந்த இடம் வரைக்கும் சொல்லி நிறுத்தினேன். 

"அப்பறம் தண்ணி வந்துச்சுங்களா சார்?" என்றாள்.

வந்தது. நான் ஓய்வு பெற்ற வருடம் ஐப்பசியில் மேற்கே அடைமழை. ஒருநாள் காலையில் சரஸ்வதி போன் செய்தாள். "பாய், கொளம் நெறஞ்சு கலிங்கு போகுதுங்க. வாங்க." சாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். பஸ் பிடித்து வந்து சேர மத்தியானம் ஆகிவிடும், எனக்காகக் காத்திருக்காதீர்கள் என்றார். நான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். முழுவதும் தண்ணீர். அவர்கள் வாழை வைத்திருந்த பின்பங்கு மூழ்கி, வாழைத்தண்டுகளுக்கு நடுவில் ஒரு நாரை நின்றுகொண்டிருந்தது. கலிங்கு ஓடும் சத்தம் அங்கேவரை கேட்டது. முருகேசன் கரையில் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையைத் தரையில் பதித்து வைத்திருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"அதுருதுங்க பாய்! தறியாட்ட இல்லீங்க. மெதுவா அதுருது."

நான் கல்லைத் தேடினேன். தண்ணீர் அதன் அடியைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. குனிந்து தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் காய்ந்திருந்தது.

சரஸ்வதி சமையலறைப் பக்கமிருந்து வந்தாள். கையில் குங்குமச் சிமிழ்.  சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து, மோதிர விரலால் கல்லின் நெற்றியில் வைத்தாள்.

கவிதா, அந்தக் கட்டம் அங்கேயே இருக்கட்டும். நீ ஒருதரம் பூலாங்குளம் போய்வா. முள் இருக்கும், அருவாள் எடுத்துக்கொண்டு போ.